பில்கிரிம் இனக் கூஸ் ஜோடி என்று வாங்கினேன், குஞ்சு எல்லாமே சாம்பல். நிறம் பார்த்து ஆண் பெண் பிரிப்பது உண்மையா?

நெட்டைக்கழுத்து
எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படிப்பதோடு சரி, இதுதான் முதல் பதிவு.

என்னிடம் ஒரு ஜோடி கூஸ் (வாத்தைவிடப் பெரிய, நீண்ட கழுத்துப் பறவை) இருக்கிறது. ஆண் வெள்ளை, பெட்டை சாம்பல். விற்றவர் "இது பில்கிரிம், பொரிச்ச அன்னைக்கே தெரிஞ்சிடும், மஞ்சளா வந்தா ஆண், சாம்பலா வந்தா பெட்டை" என்று அடித்துச் சொல்லித்தான் கொடுத்தார். இந்தப் பருவத்தில் 9 குஞ்சு இறங்கியது. ஒன்பதும் ஒரே மாதிரி, கொஞ்சம் பச்சை ஓடின சாம்பல். அலகும் கறுப்பு. சரி, எல்லாம் பெட்டை போல என்று சந்தோஷமாக இருந்தேன்.

கால்நடை மருத்துவர் ஒருவர் வேறு வேலையாக வந்தவர், பின்துவாரம் பார்த்து 5 ஆண், 4 பெட்டை என்று பிரித்துக் கொடுத்துவிட்டார். இப்போது யார் பேச்சை நம்புவது?

கணக்குப்புலி
மருத்துவர் பேச்சை. ஒன்பதும் பெட்டையாக வர 512இல் ஒரு வாய்ப்புதான். ஆண் கூஸுக்கு முதல் நாளிலிருந்தே உறுப்பு இருக்கும், சின்னதாகச் சுருண்ட நூல் மாதிரி வெளியே வரும். கை பழகியவர் பார்த்தால் தப்பாது. பழகாதவர்கள் அழுத்தி முயற்சி செய்யாதீர்கள், குஞ்சுக்குக் காயம் ஆகிவிடும்.

இறகுவண்டி
தீவனம் என்ன கொடுத்தீர்கள்? அடைகாக்கும்போது சூடு கூடக் குறைய ஆனாலும் நிறம் மாறும் என்று கேள்வி.

பழையவாத்துக்காரர்
தம்பி இறகுவண்டி, ஓட்டுக்குள் இருக்கும் குஞ்சுக்குத் தீவனம் ஏது? பஃப் நிறம் (மங்கலான மஞ்சள் பழுப்பு) வெயிலில் வெளுக்கும், அது வளர்ந்த இறகில். ஒரு ஈட்டுக் குஞ்சு முழுக்கச் சாம்பலாக வந்ததற்குக் காரணம் ரத்தத்தில்தான் இருக்கும்.

நெட்டைக்கழுத்து, இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஆணின் இறக்கையைத் தூக்கி, வாலுக்கு மேல் பகுதியிலும் முதுகிலும் சாம்பல் இறகு ஏதாவது ஒளிந்திருக்கிறதா? பெட்டைக்கு அலகு தொடங்கும் இடத்தைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் வெள்ளை இறகு உண்டா?

நெட்டைக்கழுத்து
இப்போதுதான் பிடித்துப் பார்த்தேன் ஐயா (கையில் இரண்டு கொத்து).

ஆண்: வெளியே பார்த்தால் சுத்த வெள்ளை. இறக்கையை விரித்தால் இடுப்பு மேல் நாலைந்து இறகு சாம்பல். அதிலும் நடுத்தண்டு ஓரம்தான் சாம்பல், விளிம்பு வெள்ளை. கண் நீலம்.

பெட்டை: கண் பழுப்பு. முகம் முழுக்க அடர் சாம்பல். வெள்ளை இறகு ஒன்றுகூட இல்லை. வயது நான்கு என்றார்கள்.

பழையவாத்துக்காரர்
ஆண் பில்கிரிம்தான், அல்லது அதற்கு மிக நெருக்கமான ரத்தம். பெட்டை பில்கிரிம் இல்லை. பில்கிரிம் பெட்டை வெளிறிய புறா நிறத்தில் இருக்கும், வயது ஏற ஏற அலகைச் சுற்றி வெள்ளை கூடும். நான்கு வயதில் முகம் முழுக்க அடர் சாம்பல் என்றால் அது துலூஸ் (சாம்பல் கூஸ் இனம்) பக்கத்துச் சாதாரணச் சாம்பல். வெள்ளை ஆணையும் சாம்பல் பெட்டையையும் பக்கத்தில் நிறுத்தினால் பில்கிரிம் ஜோடி ஆகிவிடாது. இந்த வியாபாரம் இன்று நேற்று நடப்பதில்லை.

ஏன் என்பதைக் கணக்குப்புலி சொல்லட்டும். எனக்குத் தட்டச்சு ஓடாது.

கணக்குப்புலி
ஐயா தள்ளிவிட்டுப் போய்விட்டார். சரி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம் (ஜீன்களைச் சுமக்கும் இழை) மனிதரில் ஆணுக்கு எக்ஸ்-ஒய், பெண்ணுக்கு எக்ஸ்-எக்ஸ். பறவைகளில் தலைகீழ். ஆணுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும். குஞ்சின் பாலைத் தீர்மானிப்பது தாய். தன் இசட்டைக் கொடுத்தால் மகன், டபிள்யூவைக் கொடுத்தால் மகள். தகப்பன் யாருக்கும் இசட் ஒன்றைத்தான் கொடுக்க முடியும்.

இதிலிருந்து வருவதை மனப்பாடம் செய்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்: இசட்டில் உட்கார்ந்திருக்கும் எந்த நிறமும் தாயிடமிருந்து மகளுக்குப் போகாது. மகளின் ஒரே இசட் அப்பாவுடையது. மகனுக்குத்தான் இரு பக்கமும் பங்கு.

கூஸில் இசட் மேல் ஒரு ஜீன் இருக்கிறது, சாம்பலை வெளிறச் செய்வது. "வெளிறல்" என்று வைத்துக்கொள்வோம். ஓங்கு (ஒரு பிரதி இருந்தாலே தெரிவது), ஒடுங்கு (மறைக்க ஓங்கு இல்லாதபோதே தெரிவது) என்று பள்ளியில் படித்த கணக்கு இதில் முழுசாக ஓடாது; எத்தனை பிரதி இருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு. ஒரு பிரதி இருந்தால் சாம்பல் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். இரண்டு இருந்தால் கிட்டத்தட்ட வெள்ளை. பெட்டையிடம் இருப்பதே ஒரு இசட். அதனால் அது எத்தனை தலைமுறை ஆனாலும் ஒரு பிரதிக்கு மேல் வைத்திருக்க முடியாது. அசல் பில்கிரிமில் ஆண் வெள்ளை, பெட்டை சாம்பல் என்று என்றைக்கும் பிரிந்து நிற்பது இதனால்தான். இரண்டும் ஒரே ஜீனைத்தான் சுமக்கின்றன, ஒன்றிடம் இரட்டை, இன்னொன்றிடம் ஒற்றை.

இப்போது உங்கள் ஜோடி. ஆணிடம் இரண்டு வெளிறல். பெட்டையிடம் வெளிறலே இல்லை. மகனுக்கு அப்பாவிடமிருந்து வெளிறல் ஒன்று, அம்மாவிடமிருந்து சாதா இசட். ஆக ஒற்றை வெளிறல், சாம்பல். மகளுக்கு அப்பாவின் வெளிறல் ஒன்று, அதுவும் ஒற்றை, அதுவும் சாம்பல். ஒன்பதும் ஒரே மாதிரி வந்ததில் ஆச்சரியமே இல்லை. வேறு மாதிரி வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

நெட்டைக்கழுத்து
புரிகிற மாதிரியும் இருக்கிறது, புரியாத மாதிரியும் இருக்கிறது அண்ணா. அம்மா பில்கிரிமாக இருந்திருந்தால் மட்டும் மகன் எப்படி மஞ்சளாக வரும்?

கணக்குப்புலி
அம்மாவின் ஒரே இசட்டில் வெளிறல் இருந்திருக்கும். மகனுக்கு அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று, இரட்டை. குஞ்சில் வெள்ளி கலந்த மஞ்சள் ரோமம், அலகும் வெளிர் நிறம். மகளுக்கு அம்மா டபிள்யூவைத்தான் தருவாள், வெளிறல் அப்பாவிடமிருந்து மட்டும். ஒற்றை, சாம்பல்.

எனவே இந்த ஜோடியில் உங்களைக் கைவிட்டது பெட்டை. ஆணைக் குறை சொல்லாதீர்கள்.

பஃப்பிரியை
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், என் கதையும் இதே மாதிரிதான். பஃப் ஆணைச் சாம்பல் பெட்டைகளோடு விட்டேன். முதல் ஈட்டில் பிரமாதம்: பஃப் குஞ்சு எல்லாம் பெட்டை, சாம்பல் குஞ்சு எல்லாம் ஆண், ஒன்றுகூடத் தவறவில்லை. அந்தக் குஞ்சுகளையே வளர்த்து, வேறு வேறு பெட்டைக்குப் பிறந்தவைகளை ஜோடி சேர்த்தேன். அடுத்த தலைமுறையில் எல்லாம் கலந்துவிட்டது. பஃப்பிலும் ஆண், சாம்பலிலும் ஆண். இது என்ன, முதல் தடவை மட்டும் வேலை செய்யுமா?

கணக்குப்புலி
ஆமாம் அக்கா, ஒரே தலைமுறைதான்.

பஃப்பும் இசட்டில்தான் இருக்கிறது, ஆனால் அது சுத்தமான ஒடுங்கு. சாம்பல் ஒரு பிரதி இருந்தாலே பஃப்பை மறைத்துவிடும். பஃப் அப்பா எல்லாக் குஞ்சுக்கும் பஃப் இசட்டைத் தருவார். மகன் அம்மாவிடமிருந்து சாம்பல் இசட்டை வாங்கி மறைத்துக்கொள்வான். மகளுக்கு அம்மாவின் இசட் கிடைக்காது, மறைக்க ஒன்றும் இல்லை, பஃப்.

இதன் குஞ்சுகளைச் சேர்த்தால் சாம்பல் மகனிடம் சாம்பல் ஒன்று, பஃப் ஒன்று. பஃப் மகளிடம் பஃப். பிறக்கும் ஆணில் பாதி சாம்பல் பாதி பஃப், பெட்டையிலும் பாதி சாம்பல் பாதி பஃப். நிறத்துக்கும் பாலுக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோயிற்று. நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் அசல் பஃப் ஆண், அசல் சாம்பல் பெட்டை என்றே தொடங்க வேண்டும். ஜோடியைத் திருப்பிப் போட்டாலும் கெடும்: சாம்பல் ஆண், பஃப் பெட்டை என்றால் குஞ்சு எல்லாமே சாம்பல்.

காக்கி கேம்ப்பெல் வாத்திலும், சாக்லேட் நிற மஸ்கோவி வாத்திலும் நடப்பது அச்சு அசலாக இதுவே. அங்கேயும் பழுப்பு இசட்டில் இருக்கும் ஒடுங்கு.

பழையவாத்துக்காரர்
இரண்டையும் குழப்புகிறவர்கள்தான் அதிகம். பில்கிரிம் மாதிரி இனத்தில் தலைமுறை தலைமுறையாகப் பால் தானே தெரியும். பஃப்-சாம்பல் கலப்பில் அந்த ஒரு ஈட்டுக்குத்தான். விற்பனை விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் போட்டுவிடுகிறார்கள்.

தானே பால் காட்டும் கூஸ் பில்கிரிம் மட்டும் இல்லை. ஷெட்லாந்து, வெஸ்ட் ஆஃப் இங்கிலாந்து, நார்மண்டி, காட்டன் பேட்ச் எல்லாம் இந்த வகை. ஷெட்லாந்திலும் வெஸ்ட் ஆஃப் இங்கிலாந்திலும் பெட்டை முழுச் சாம்பலாக இருக்காது, சாம்பலும் வெள்ளையும் திட்டுத் திட்டாக, முதுகில் சேணம் போட்ட மாதிரி. வெளிறலோடு வெண்திட்டு ஜீன் ஒன்றும் சேர்ந்திருக்கும். அந்தத் திட்டு ஜீன் இசட்டில் இல்லை, பாலோடு சம்பந்தமில்லாத சாதா குரோமோசோமில் இருக்கிற ஒடுங்கு.

இறகுவண்டி
எம்டன் இனக் கூஸும் வெள்ளைதானே, அதில் ஏன் ஆண் பெட்டை ரெண்டும் வெள்ளை? உங்கள் கணக்குப்படி எம்டன் பெட்டை சாம்பலாக அல்லவா இருக்கணும்? 😀

கணக்குப்புலி
நல்ல கேள்வி, சிரிப்பான் தேவையில்லை.

எம்டனின் வெள்ளை ஒரே ஜீனால் வந்தது இல்லை. வெளிறலும் வெண்திட்டும் சேர்ந்து, அதற்கு மேல் மிச்சமிருந்த சாம்பலை வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்து வெள்ளையாக்கியது. அடியில் வெளிறல் இருக்கிறது என்பதற்குச் சாட்சி குஞ்சிலேயே கிடைக்கும். எம்டன் குஞ்சு முழு மஞ்சளாகப் பிறக்காது, முதுகில் சாம்பல் இருக்கும். அந்தச் சாம்பல் பெட்டையில் அடர்த்தி, ஆணில் வெளிர். இளம் எம்டன் பெட்டையின் முதல் இறகில் சாம்பல் இறகு எட்டிப் பார்ப்பதும் சகஜம், இறகு உதிர்த்து முளைக்கும்போது போய்விடும். அதைப் பார்த்துக் கலப்பு ரத்தம் என்று கழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், பாவம்.

கனடாவில் ஜெரோம் என்பவர் 1953இல் கூஸ் நிற மரபு பற்றி வெளியிட்ட ஆய்வுதான் இந்த விஷயத்தில் அடித்தளம். நாம் இங்கே பேசுவதில் பெரும்பகுதி அந்த வழியில் வந்ததுதான்.

கொம்புமூக்கு
என்னுடையது வெள்ளைச் சீன கூஸ். குஞ்சு எல்லாம் பளீர் மஞ்சள். முதுகில் சாம்பலா என்று தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லையே?

கணக்குப்புலி
இருக்காது. சீன கூஸும் ஆப்பிரிக்க கூஸும் வேறு காட்டு இனத்திலிருந்து வந்தவை. எம்டன், துலூஸ், பில்கிரிம் எல்லாம் ஐரோப்பியச் சாம்பல் கூஸின் வழி; உங்களுடையது ஆசியாவின் அன்ன கூஸின் வழி. உங்கள் வெள்ளைக்குக் காரணம் சாதா குரோமோசோமில் உள்ள ஒடுங்கு வெள்ளை. அது ஆண் பெண் பார்க்காது. வளர்ந்த பிறகு மூக்குக் கொம்பின் பருமனையும் குரலையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஆண் கீச்சென்று கத்தும், பெட்டை கனமாகக் கத்தும். அதுவரை பொறுக்க முடியாதென்றால் பின்துவாரம் பார்ப்பதுதான் வழி.

பஃப்பிரியை
துலூஸ் ஆணையும் எம்டன் பெட்டையையும் சேர்த்தால் பிரிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். சரியா?

கணக்குப்புலி
தத்துவப்படி சரி. எம்டன் அம்மாவின் வெளிறல் மகனுக்கு மட்டும் போகும், மகளுக்குப் போகாது. மகன் வெளிர் சாம்பல், மகள் முழுச் சாம்பல். ஆனால் இது ஒற்றைப் பிரதிக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசம், இரட்டைக்கும் ஒற்றைக்கும் உள்ளது போல் பளிச்சென்று இருக்காது. குஞ்சுகளை வரிசையாக வைத்து, பகல் வெளிச்சத்தில், ஈரம் காய்ந்த பிறகு ஒப்பிட வேண்டும். ஜோடியைத் திருப்பி எம்டன் ஆண், துலூஸ் பெட்டை என்று போட்டால் நெட்டைக்கழுத்துக்கு நடந்ததே நடக்கும்.

நெட்டைக்கழுத்து
இப்போது நான் என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள். பெட்டையை மாற்ற வேண்டும் என்பது புரிகிறது. அசல் பில்கிரிம் பெட்டை கிடைப்பது குதிரைக் கொம்பு. குஞ்சு ஒன்பதையும் கொடுத்துவிடலாமா என்று யோசனை.

பழையவாத்துக்காரர்
பெட்டைக் குஞ்சு நான்கையும் கொடுத்துவிடாதீர்கள்!

கணக்குப்புலி
ஐயா ஒரு வரியில் சொல்லிவிட்டார், நான் விளக்குகிறேன். நீங்கள் ஊரெல்லாம் தேடும் பெட்டை உங்கள் கூண்டிலேயே இருக்கிறது.

அந்த 4 பெட்டைக் குஞ்சிடமும் இருக்கும் ஒரே இசட் அப்பாவுடையது. அதில் வெளிறல் கட்டாயம் இருக்கிறது. "பாதி பில்கிரிம்" என்று நீங்கள் நினைப்பவை இந்த ஒரு ஜீனைப் பொறுத்தவரை முழு பில்கிரிம் பெட்டைகள்தான். அம்மாவின் சாம்பல் இசட் அவைகளைத் தொடவே இல்லை. வெளிறல் உள்ள எந்த வெள்ளை பில்கிரிம் ஆணோடு சேர்த்தாலும் மகன் மஞ்சள், மகள் சாம்பல். முதல் ஈட்டிலேயே பிரிந்துவிடும்.

சிக்கல் அந்த 5 ஆணில்தான். அவைகளிடம் வெளிறல் ஒன்று, சாதா ஒன்று. இவைகளை அசல் பில்கிரிம் பெட்டையோடே சேர்த்தாலும் மகன்களில் பாதிதான் மஞ்சளாக வரும், மீதிப் பாதி சாம்பல். மகள்கள் எல்லாம் சாம்பல். அப்போது மஞ்சள் குஞ்சு நிச்சயம் ஆண் என்று சொல்லலாம், சாம்பல் குஞ்சைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. மகள்களிலும் பாதிக்கு வெளிறல் இராது, அடுத்த தலைமுறைக்கும் குழப்பம் தொடரும். அந்த ஐந்தையும் இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள்.

கொம்புமூக்கு
அப்பனையும் மகளையும் சேர்ப்பதா? கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

பழையவாத்துக்காரர்
ஒருமுறை சேர்ப்பதால் கூட்டம் அழிந்துவிடாது. ஆனால் அதையே வழக்கமாக்கினால் முட்டை கருவாவது குறையும், குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும். உறவில்லாத வெள்ளை பில்கிரிம் ஆண் ஒன்று கிடைத்தால் அதுதான் மேல். பில்கிரிம் பெட்டையைவிட ஆண் கிடைப்பது எளிது. ஒவ்வொரு பொரிப்பிலும் பாதி ஆண்தான், எல்லோருக்கும் தேவை மூன்று நான்கு பெட்டைக்கு ஒன்று. மிச்ச ஆணை வைத்துக்கொண்டு விழிப்பவர்கள்தான் அதிகம்.

அவசரமும் வேண்டாம். கூஸ் முழுசாகக் கூடி நல்ல முட்டை வைக்க இரண்டாம் வயது ஆகும்.

இறகுவண்டி
அப்படி வந்த குஞ்சுகளைப் பில்கிரிம் என்று விற்கலாமா?

பழையவாத்துக்காரர்
கூடாது. நிறம் பிரிவது ஒரு ஜீன். பில்கிரிம் என்பது உடல்வாகு, எடை, தொப்பை மடிப்பு, சாது குணம் எல்லாம் சேர்ந்தது. அமெரிக்கன் கோழி வளர்ப்போர் சங்கம் 1939இல் தனி இனமாக ஏற்றதும் அந்த முழு உருவத்தைத்தான். இந்தப் பெட்டைகளிடம் பாதி துலூஸ் உடம்பு இருக்கிறது. "தானே பால் காட்டும் கலப்பு" என்று சொல்லி விற்றால் யாருக்கும் குறையில்லை. உங்களுக்கு விற்றவர் செய்ததையே நீங்களும் அடுத்தவருக்குச் செய்ய வேண்டுமா?

கணக்குப்புலி
வழிதவறி ஒன்று. இசட்டில் இப்படி ஒட்டிக்கொண்டு போகும் நிறத்தைக் கோழியில் ஸ்பில்மன் 1908இல் எழுதிவிட்டார், பிளைமவுத் ராக் கோழியின் வரிகளை வைத்து. இதே மாதிரி பாலோடு ஒட்டிய பண்பைக் காட்டிய மார்கனின் வெள்ளைக்கண் பழ ஈ ஆய்வு வந்தது 1910இல். பாடப்புத்தகம் ஈயிலிருந்தே தொடங்கும், கோழிக்காரர்களுக்கு மரியாதை இல்லை. அந்த வரி ஜீனும் நம் வெளிறல் மாதிரிதான்: சேவலுக்கு இரட்டை, பெட்டைக்கு ஒற்றை, சேவல் வெளிர்.

பஃப்பிரியை
கடைசியாக ஒன்று. வெளிறலும் பஃப்பும் இரண்டுமே இசட் என்றால், இரண்டையும் ஒரே பறவையில் சேர்க்க முடியுமா? பில்கிரிம் ஆணையும் என் பஃப் பெட்டையையும் நினைத்துக் கேட்கிறேன்.

கணக்குப்புலி
முடியும், ஆனால் மகன் வழியாக மட்டும். அந்தச் சேர்க்கையில் மகள்களிடம் அப்பாவின் இசட் மட்டும்தான், பஃப் அங்கேயே தொலைந்தது. மகன்களிடம் ஒரு இசட்டில் வெளிறல், இன்னொன்றில் பஃப். அவன் விந்து உருவாகும்போது இரண்டு இசட்டும் துண்டு மாற்றிக்கொண்டால் வெளிறலும் பஃப்பும் ஒரே இசட்டில் ஏறும். பெட்டையிடம் மாற்றிக்கொள்ள இன்னொரு இசட்டே இல்லை. நிறையக் குஞ்சு பொரித்துத் தேட வேண்டிய வேலை, பொறுமை இருந்தால் இறங்குங்கள்.

உங்கள் பஃப் விஷயத்திலேயே ஒன்று சொல்ல மறந்தேன். பிரெக்கன் பஃப் தொடங்கியது 1929இல், வேல்ஸ் மலைப்பண்ணைச் சாம்பல் கூட்டத்தில் தென்பட்ட ஒரு பஃப் பெட்டையிலிருந்து. இப்படித் திடீரென்று தலைகாட்டுவது பெட்டையாகவே இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அதற்கு ஒரு பிரதி போதும். ஆண் பஃப்பாக இருக்க இரண்டு வேண்டும்.

நெட்டைக்கழுத்து
எல்லோருக்கும் நன்றி. நான்கு பெட்டையும் இருக்கட்டும், ஆணை மட்டும் உறவில்லாததாகத் தேடுகிறேன். கிழவியை அடைகாக்க வைத்துக்கொள்கிறேன், அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும்: ஐந்து ஆணும் நான்கு பெட்டையும் ஒரே சாம்பல். வளர்ந்த பிறகு எப்படிப் பிரித்து எடுப்பது?

பழையவாத்துக்காரர்
இன்றைக்கே அடையாளம் போடுங்கள், மருத்துவர் பிரித்த கணக்கு கையில் இருக்கும்போதே. நாளைக்கு அவை ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டால் திரும்ப ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்க வேண்டியதுதான். பெட்டைக்கு மட்டும் கால் வளையம் போட்டால் போதும். கூஸ் குஞ்சின் கால் கிடுகிடுவெனப் பருக்கும், வளையத்தை அடிக்கடி பார்த்துப் பெரியதாக மாற்றாவிட்டால் சதைக்குள் இறங்கிவிடும். அந்தத் தொல்லை வேண்டாமென்றால் விரல் இடைச் சவ்வில் துளையிடும் கருவி இருக்கிறது, மருத்துவரையே போட்டுத் தரச் சொல்லுங்கள்.

நெட்டைக்கழுத்து
சவ்வுத் துளையே போட்டுவிடுகிறேன். பெட்டைக்கு வலது கால்.

பழையவாத்துக்காரர்
எந்தக் கால் என்பதைச் சுவரில் எழுதி வையுங்கள். போட்ட பிறகு சில நாள் பாருங்கள், துளை சின்னதாக இருந்தால் சவ்வு மூடிக்கொள்ளும்.